வண்டி மேலே ஒரு பகல் தூக்கம்

என் வேனின் தலையில் கூடாரத்தை ஏற்றிக் கட்டிய அன்று தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்ன சார், வண்டிக்கு மாடி எடுக்கறீங்களா? வாடகைக்கு விடுவீங்களா?" என்று கேட்டார். வேறொரு நாளாக இருந்தால் அவருக்குச் சரியாகக் கொடுத்திருப்பேன். ஆனால் நான் வாயைத் திறந்தால் குரல் உயரும், குரல் உயர்ந்தால் உள்ளே கண்ணை மூடிப் படுத்திருப்பவள் எழுந்துவிடுவாள். உதட்டில் விரல் வைத்து அவரை அடக்கினேன். அந்த நாட்களில் நான் ஊரில் பாதிப் பேரிடம் உதட்டில் விரல் வைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி நர்ஸ். பல வருடங்களாக ராத்திரி டியூட்டிதான். யாரும் அவள் தலையில் கட்டியதில்லை, அவளே கேட்டு வாங்கிக்கொண்டது. "பகல்ல டாக்டருங்கதான் பேசுவாங்க. ராத்திரியிலதான் நோயாளி வாயத் திறப்பாங்க" என்பாள். ஒருவர் தன் பூனைக்குச் சாப்பாடு யார் வைப்பார்கள் என்று அழுதிருப்பார். இன்னொருவர் பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லாததை இவளிடம் சொல்லியிருப்பார். அதையெல்லாம் சுமந்துகொண்டு காலையில் வீட்டுக்கு வருவாள். பாதியை என்னிடம் சொல்லிவிட்டு, மீதியைத் தனக்கு வைத்துக்கொண்டு படுக்கப் போவாள். நான் அவளை ஆந்தை என்று கூப்பிடுவேன். அவள் என்னை மரங்கொத்தி என்பாள்.

அவள் சொல்வதிலும் தப்பில்லை. நான் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். வீட்டு முன்னறைதான் என் பட்டறையாக இருந்தது. தட்டாமல், ராவாமல், கடகடவென்று ஓட்டிப் பார்க்காமல் எந்த மெஷினும் சரியாகாது. என் கையில் திட்டு வாங்காமலும் சரியாகாது. "ஏன்டா, நேத்துதானே எண்ணெய் விட்டேன்? இன்னைக்கு என்ன கேடு உனக்கு?" என்று பேசிக்கொண்டேதான் வேலை செய்வேன். போதாக்குறைக்கு ரேடியோ வேறு. இத்தனைக்கும் நடுவில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், அவள் அடித்துப் போட்டாற்போல் தூங்குவாள்.

போன வருடம் பக்கத்து வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட ஆரம்பித்தார்கள். முதலில் கடப்பாரை, பிறகு டிரில்லர், பிறகு கான்கிரீட் கலக்கும் மெஷின். அவள் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எழுந்தாள். மேஸ்திரியிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் பாவம், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவர்கள் சத்தத்தை என்னால் நிறுத்த முடியாது, என் சத்தத்தையாவது நிறுத்தலாமே என்று தோன்றியது. அன்றே பட்டறையைக் காலி செய்து, வேறொரு தெருவில் ஒரு தையல் கடையின் பின்னறைக்குக் கொண்டுபோனேன்.

அதோடு விட்டேனா? நாற்காலிக் கால்களுக்குத் துணி சுற்றினேன். கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டேன். காலிங் பெல்லின் ஒயரைப் பிடுங்கினேன். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தும்மக் கற்றுக்கொண்டேன். சொந்த வீட்டில் திருடன் மாதிரி நடமாடினேன். பிறகு அந்த நடமாட்டமும் வேண்டாம் என்று, அவள் படுத்ததும் வெளியே போய், எழுந்திருக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தேன்.

அவள் தூக்கம் இன்னும் மோசமானது. அதுதான் எனக்கு விளங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டட வேலை கிடையாது, நானும் வீட்டில் இருக்கமாட்டேன், ஊசி விழுந்தால் கேட்கும். அன்றைக்கு அவள் பொட்டுக்கூடக் கண் அசரமாட்டாள். ஒரு ஞாயிறு, ஃபிரிட்ஜ் முனகுவதுதான் காரணம் என்று கண்டுபிடித்து அதையும் அணைத்துவிட்டுப் போனேன். பால் திரிந்ததுதான் மிச்சம்.

விஷயம் முற்றியது எப்போது என்றால், ஒரு விடியற்காலையில் அவள் மருந்துத் தட்டோடு ஒரு கட்டிலருகே நின்று, இவருக்குக் கொடுத்துவிட்டோமா இல்லையா என்று தெரியாமல் விழித்திருக்கிறாள். பார்த்ததில் கொடுத்தாகிவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவளே போய் ஹெட் நர்ஸிடம் சொல்லிவிட்டாள். அந்தம்மா நல்ல மாதிரி. திட்டவில்லை. பகலில் வெளிநோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் இடம் காலியாக இருக்கிறது, யோசித்துத் திங்கட்கிழமை சொல் என்றார்களாம்.

இதை அவள் சமையலறையில் நின்றபடி, டம்ளரைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள். "சரின்னு சொல்லிடப் போறேங்க. தூங்காத ஆள நம்பி எப்படி ஒரு வார்டை விடுவாங்க?" அவள் அழுதிருந்தால் நான் இரண்டு அதட்டல் போட்டுத் தேற்றியிருப்பேன். அழவில்லை. கழுவிய டம்ளரையே திரும்பவும் கழுவினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கூடார யோசனை மச்சானுடையது. மச்சான் என்றால் அவளுடைய தம்பி, போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். புதிதாக ஒரு சாமான் கண்ணில் பட்டால் வாங்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. வண்டியின் கூரைமேல் மடித்து வைத்து, வேண்டும்போது விரித்து, ஏணியில் ஏறிப் படுக்கிற அந்தக் கூடாரத்தை ஆசையாக வாங்கியிருந்தான். அவன் மனைவி ஒரே ஒரு முறை ஏறினாள். இறங்கும்போது, "இனிமே இதுல ஏறச் சொன்னா எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டாள்.

"மாமா, உங்க வேன் மேலதான் இரும்பு கேரியர் இருக்கே. அக்காவை எங்கயாவது சத்தமில்லாத இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. மெத்தையெல்லாம் உள்ளயே இருக்கு. ஒரு தடவ நல்லாத் தூங்கி எழுந்தா உடம்பு பழையபடி வழிக்கு வந்துடும்."

"தரையில படுத்தா தூக்கம் வராதாடா?"

"தரையில எறும்பு வரும் மாமா."

அவன் சொன்னதில் ஒன்று எனக்குப் பிடித்தது. சத்தமில்லாத இடம். சனிக்கிழமை காலை, டியூட்டி முடியும் நேரத்துக்கு வேனை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் யூனிஃபார்மோடு வெளியே வந்து, வண்டித் தலையிலிருந்த மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதென்ன கோலம்?"

"ஏறு. தூங்கப் போறோம்."

"வீட்டுக்கா?"

"வீடு மேல இருக்கு, ஏறுன்னா ஏறேன்!"

பல மாதம் கழித்து அவள் சிரித்துப் பார்த்தேன். களைப்பில் அந்தச் சிரிப்பும் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

ஊரைத் தாண்டி ஒரு ஏரி. கரையில் மரங்களுக்கு அடியில் வண்டிகளை நிறுத்திக் கூடாரம் போட்டுக்கொள்ள இடம் விட்டிருக்கிறார்கள். நிழலாகப் பார்த்து வேனை நிறுத்தி, மேலே ஏறி, உறையைக் கழற்றி, ஏணியைப் பிடித்து இழுத்தேன். கூடாரம் புத்தகம் போலத் திறந்துகொண்டது. பாதி வண்டியின் மேலே, பாதி பக்கவாட்டில் அந்தரத்தில். அந்தப் பாதியை ஏணிதான் தாங்கும். அவள் செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறினாள். உள்ளே போய், ஜன்னல் வலையை விலக்கித் தலையை நீட்டி, "நல்லாத்தாங்க இருக்கு. ஏரி தெரியுது" என்றாள்.

"ஏரியைப் பார்க்கவா வந்தோம்? ஜன்னலை மூடு. படு."

அந்தரத்தில் நின்ற பாதிக்கு அடியில் மடக்கு நாற்காலியைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தேன். மேலே அவள், நேர் கீழே நான். வேன் பழையது, ஸ்பிரிங் தளர்ந்தது. அவள் ஒருமுறை புரண்டால் வண்டியே ஆடும். முன் கண்ணாடிக்குப் பக்கத்தில், தையல் மெஷினில் நூல் சுற்றும் பழைய பாபின் ஒன்றை நூலில் கோத்துத் தொங்கவிட்டிருந்தேன். வண்டி ஆடும்போதெல்லாம் அதுவும் ஆடியது. அது நின்றால் அவள் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். நல்ல வேளை, ஏணியில் ஏறி எட்டிப் பார்க்க வேண்டியதில்லை என்று அந்தப் பாபினையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் அடுத்த மரத்தடியில் ஒரு பெரிய குடும்பம் வந்து இறங்கியது. அந்த வீட்டம்மா ஸ்கூல் டீச்சர் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பந்து, நாய், பாட்டுப் பெட்டி எல்லாம் இறங்கியது. ஓடினேன்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. என் வீட்டுக்காரி ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில வேலை பார்த்துட்டு வந்து தூங்கறா. கொஞ்சம்..." என்று உதட்டில் விரலை வைத்தேன்.

டீச்சர் நிமிர்ந்து தன் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். பந்து தரையில் உட்கார்ந்தது, பாட்டுப் பெட்டி வாயை மூடியது, நாய்கூடப் படுத்துக்கொண்டது. பிள்ளைகள் ஒருவர் காதில் ஒருவர் ரகசியம் பேசினார்கள். ஏரியில் மோட்டார் படகு ஓட்டிக்கொண்டிருந்தவரைக் கரைக்குக் கூப்பிட்டு அவரையும் கெஞ்சினேன். அவர் மோட்டாரை அணைத்துத் துடுப்புப் போட்டுக்கொண்டு போனார். இனி பறவைகள்தான் பாக்கி, அவற்றிடம் யாரைச் சிபாரிசுக்கு அனுப்புவது? நாற்காலிக்குத் திரும்பி, மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி உட்கார்ந்தேன். வாழ்நாளில் நான் அப்படிச் சும்மா உட்கார்ந்ததில்லை.

பாபின் ஆடியது. நின்றது போலிருந்து மறுபடி ஆடியது.

"என்னங்க... இருக்கீங்களா?" மேலிருந்து குரல்.

"இருக்கேன். தூங்கு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "என்னங்க?"

"இங்கதான்மா இருக்கேன். எங்க போயிடப் போறேன்?"

"இல்ல, ஒரு சத்தத்தையும் காணோமே, எங்கயாவது நடக்கப் போயிட்டீங்களோன்னு..."

சத்தத்தைக் காணோம் என்கிறாள், நல்லது, ஏற்பாடு பலமாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

வெயில் ஏறியது. கடைசியில் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்துகொண்டு அவளே ஏணியில் இறங்கி வந்தாள். முகம் வீங்கி, கண்கள் சிவந்து கிடந்தன. கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வரலைங்க. எவ்வளவு நல்ல இடம், இவ்வளவு பாடுபட்டுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க, அப்பவும் வரல. என் உடம்புல ஏதோ கெட்டுப் போச்சு. திங்கக்கிழமை டோக்கன் சீட்டுக்கே போயிடறேன். விடுங்க."

"எல்லாரையும் வாயை மூட வெச்சிட்டேனே" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"தெரியும். பாவம் அந்தக் குழந்தைங்க" என்று என் தலையை ஒருமுறை கோதிவிட்டு எழுந்தாள். "சாயங்காலம் வரைக்கும் சும்மாவாவது படுத்திருக்கேன். உடனே கிளம்பினா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்." மறுபடி ஏறிப் போனாள். எனக்காக.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. டிரில்லர் மேல், மச்சான் மேல், மரத்தில் கத்திய ஏதோ ஒரு குருவி மேல். கோபம் வந்தால் எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வேனின் பின்கதவைத் திறந்தேன். உள்ளே முந்தின நாள் ஒரு கடையிலிருந்து எடுத்து வந்த மெஷின் கிடந்தது. ஊசி இறங்கும் கம்பி துருவேறி இறுகிப்போன கேஸ். எப்படியும் அவள் தூங்கப் போவதில்லை, நான் மட்டும் சாமி சிலை மாதிரி உட்கார்ந்து என்ன ஆகப் போகிறது? மெஷினை இறக்கி வேனுக்குப் பின்னால் தரையில் வைத்து, மரச்சுத்தியலை எடுத்தேன்.

டொக். டொக். டொக்.

"என்னடா பிடிவாதம் உனக்கு?" என்றேன் கம்பியிடம். "உன்னை வெச்சிருந்தவன் எண்ணெய் காட்டியே பல வருஷம் ஆயிருக்கும் போல. அதுக்கு என்கிட்ட முறுக்கிக்கிட்டா? இறங்குடா." டொக் டொக். அது இறங்குவதாகத் தெரியவில்லை. நானும் விடுவதாக இல்லை. எண்ணெய் விட்டேன், தட்டினேன், திட்டினேன், சக்கரத்தைச் சுற்றினேன். வேலை என்று உட்கார்ந்துவிட்டால் எனக்குப் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. கம்பி ஒருவழியாக அசைந்து கொடுத்தது. ஒரு துண்டுத் துணியை வைத்துக் கடகடவென்று ஓட்டிப் பார்த்தேன்.

யாரோ தோளைத் தட்டினார்கள். டீச்சர். முகம் சிவந்திருந்தது. உதட்டில் விரல் வைத்திருந்தார்.

"என்ன சார் இது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "நாங்க காலையில இருந்து சைகையில பேசிட்டிருக்கோம். என் பசங்க வாழ்க்கையில இவ்வளவு அமைதியா இருந்ததே இல்ல. நீங்களே சுத்தியல எடுத்துட்டு உட்கார்ந்துட்டீங்க?"

அசடு வழிய நின்றேன். ஏதாவது சமாதானம் சொல்லலாம் என்று முன்பக்கம் திரும்பியபோது, கண்ணாடி வழியாகப் பாபின் தெரிந்தது.

அது ஆடவில்லை.

கிட்டே போய்ப் பார்த்தேன். நூல் நேராகத் தொங்கியது. டீச்சரும் என் பின்னாலேயே வந்து, என்ன ஏது என்று புரியாமல் அதையே பார்த்தார். நானும் அவரும் மூச்சு விடாமல் நின்றோம். ஏரிக்கரை முழுக்க அப்படி ஒரு அமைதி.

வண்டி லேசாக அசைந்தது. பாபின் ஆட ஆரம்பித்தது. மேலிருந்து, தூக்கம் சொட்டும் குரலில், கொஞ்சம் எரிச்சலோடு ஒரு கேள்வி வந்தது.

"ஏங்க நிறுத்திட்டீங்க?"

டீச்சர்தான் முதலில் சுதாரித்தார். "போங்க சார், போய்த் தட்டுங்க!" என்று என்னைப் பிடித்துத் தள்ளினார்.

ஓடிப் போய்ச் சுத்தியலை எடுத்தேன். தட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை, மெஷின் சரியாகிவிட்டது. அதனால் என்ன? எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினேன். திட்டுவதற்கு அதன்மேல் ஒரு குற்றமும் இல்லாததால் மச்சானைத் திட்டினேன், எதிர்வீட்டுக்காரரைத் திட்டினேன், கடைசியில் என்னையே திட்டிக்கொண்டேன். அதில் எனக்கு விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. டீச்சர் தன் பிள்ளைகளைப் பார்த்துத் தலையசைத்தார். பந்து எழும்பியது. நாய் குரைத்தது. படகுக்காரர் தூரத்திலிருந்து சைகையால் கேட்க, நான் கையை ஆட்ட, மோட்டார் உறுமியது. பாபின் அசையவில்லை. வெயில் மரத்தின் அந்தப் பக்கம் சாய்ந்து, நிழல் ஏரிக்குள் நீளும் வரைக்கும் அசையவில்லை.

அவள் இறங்கி வந்தபோது கன்னத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருந்தது. தலைமுடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அவள் எனக்கு அத்தனை அழகாகத் தெரிந்து எவ்வளவோ காலமாகியிருந்தது. அதை வாய்விட்டே சொன்னேன்.

"பல்லு விளக்காத முகத்தையா?" என்றாள். டீயை ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நேரம் ஏரியைப் பார்த்தாள். பிறகு தனக்கே சொல்லிக்கொள்வது போல ஆரம்பித்தாள்.

"வார்டுல ராத்திரி எவ்வளவு சத்தம் தெரியுமா? ஒருத்தர் இருமுவாரு, ஒருத்தர் குறட்டை, ஒரு மெஷின் டிக் டிக்குனு. அதெல்லாம் கேட்டுட்டே இருந்தா நான் நிம்மதியா என் வேலையைப் பார்ப்பேன். ஏதாவது ஒண்ணு நின்னா போதும், ஓடுவேன். சத்தம் நின்னா ஆளுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம். இத்தனை வருஷமா அதுதான் பழக்கம்."

"அப்ப வீட்டுல..."

"டிரில்லர் முதல்ல கொஞ்ச நாள்தாங்க தொந்தரவா இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. ஆனா படுத்தா உங்களைக் காணோம். கண்ணு சொக்கும், உடனே மனசு அடிச்சுக்கும். என்னமோ நின்னு போச்சு, எழுந்து போய்ப் பாருன்னு. எழுந்து பார்த்தா வீடு காலியா இருக்கும். எதுக்காக எழுந்தேன்னு எனக்கே தெரியாது. இன்னைக்கு நீங்க அந்த மெஷினைத் திட்டறதைக் கேட்டப்பதான் தெரிஞ்சுது."

அவள்மேல் உள்ள பிரியத்தில் நான் செய்த அத்தனை ஏற்பாடும் கண்முன் வரிசையாக வந்து நின்றது. அவளைத் தூங்கவைக்கிறேன் என்று, வீட்டிலிருந்து என்னையே கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுத்திருக்கிறேன். அவளோ ஒவ்வொரு பகலும் எழுந்து வந்து என்னைத் தேடியிருக்கிறாள்.

"சொல்லியிருக்கலாமே" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நாற்காலிக் காலுக்கெல்லாம் துணி சுத்தி வெச்சிருந்தீங்க. அதைப் பார்த்துட்டு என்னன்னு சொல்றது, மரங்கொத்தி?"

அந்தப் பெயரைக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. அது காணாமல் போனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பட்டறையை வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தோம். மேலே மச்சானின் கூடாரம், உள்ளே என் மேஜை. எதிர்வீட்டுக்காரர் மறுபடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார். இந்த முறை அவருக்குத் தெருவே கேட்கும்படி பதில் சொன்னேன். திங்கட்கிழமை அவள் ஹெட் நர்ஸிடம், இன்னும் ஒரு மாதம் ராத்திரியிலேயே இருந்து பார்க்கிறேன், அப்புறமும் தூக்கம் சரியாகவில்லை என்றால் நானே வந்து சொல்கிறேன் என்றாளாம். அந்தம்மாவும் சரி என்றுவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பகல். பக்கத்தில் டிரில்லர் பாட்டுக்கு அலறிக்கொண்டிருந்தது. முன்னறையில் நான் ரேடியோவைக்கூடப் போடவில்லை, என் சத்தமே போதும் என்று. ஒரு மெஷினுக்கு நூல் கோக்க வேண்டியிருந்தது. கண்ணாடியைத் தேடி மாட்டி, நூலை எச்சில் தொட்டு முறுக்கி, ஊசிக் காதைக் குறி பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து டொக் டொக் என்று தட்டும் சத்தம் கேட்டது.

"இருக்கேன்டி ஆந்தை, இருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்தேன்.